மூன்றடித் தொட்டிக்குப் போதுமான மீன்கள்

மகனுக்கு,

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏஞ்சல் மீன் வேண்டாம். பிடித்திருந்தால் கடலிலேயே விட்டுவிடு. இன்னும் கிடைக்கவில்லை என்றால் தேடாதே. அதைக் கேட்ட, உக்குவளை ரோட்டில் புது வீடு கட்டியிருக்கும் மாத்தையாவிடம் நேற்றுக் காலையில் நேரே போய், மீன் வராது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். உன்னைக் கடலுக்கு அனுப்பியது அவர் இல்லை, நான். "பெருசா, நல்ல நீலமா ஒண்ணு வேணுமாம்பா, பாத்துக் கொண்டா" என்று உன்னிடம் சொன்ன இந்த வாயைப் புளியம் விளாறால் அடித்தாலும் தகும்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. கடற்கரைக் கொட்டிலில், அந்த வாடியில் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகள் வாசிக்கட்டும், படகு முதலாளி வாசிக்கட்டும், தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது சிங்களத்தில் சொல்லட்டும். அவர்களுக்கும் ஊரில் அப்பா அம்மா இருப்பார்கள். மூன்று நாளாக உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. நேற்று யாரோ எடுத்து, "அவர் கடலுக்குப் போயிட்டார்" என்றார்கள். உங்கம்மா அதைக் கேட்டதும் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி மறுபடி அடித்தாள். பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், நீ போனை வைத்துவிடுவாய். எழுதினால் கடைசிவரை கேட்டுத்தானே ஆகவேண்டும்.

பலாபத்வலையில் நாம் கடை திறந்தபோது நமக்குத் தெரிந்ததெல்லாம் கப்பியும் கோல்ட் ஃபிஷ்ஷும்தான். நீ ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாய். யாழ்ப்பாண பஸ்ஸும் தம்புள்ளை மரக்கறி லொறியும் போகும்போதெல்லாம் கடைக் கண்ணாடி அதிரும். கடல் மீன் வைப்போம் என்று ஆசைப்பட்டது நான்தான். இந்த மலைப் பக்கத்தில் எவரிடமும் இல்லாத ஒன்றை வைத்தால் பஸ்ஸில் போகிறவன்கூட இறங்கி வந்து பார்ப்பான் என்று ஒரு பைத்தியம். கடலை நான் என் வாழ்க்கையில் அதுவரை மூன்று தடவைதான் பார்த்திருந்தேன். அந்த மூன்று தடவையும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அப்படிப்பட்டவன்தான் கடல் மீன் வியாபாரத்துக்கு வந்தேன்.

நாம் முதலில் கொன்ற மீன்களை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் வற்ற வற்ற, கேனில் கொண்டு வந்து வைத்திருந்த கடல் தண்ணீரையே நான் மேலே ஊற்றிக்கொண்டிருந்தேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை. மூன்றாம் வாரம் மீன் எல்லாம் மேல்மூச்சு வாங்கியது. உங்கம்மாதான் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, ஊறுகா பானையாட்டம் இருக்கு!" என்று முகம் சுளித்தாள். உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் மேலே ஊற்ற வேண்டும் என்று அதன்பிறகுதான் நீ எங்கோ வாசித்து வந்து சொன்னாய். எனக்குத் தெரியாத விஷயத்தில் அன்பைக் காட்டி ஆளைக் கொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது போல.

அழகைப் பார்த்து வாங்கிய மீன்கள் அடுத்த கதை. வண்ணத்துப்பூச்சி மீன் வாங்கினோம். அது பவளப் பூச்சியைத் தவிர வேறொன்றையும் தொடாது என்று அது பட்டினி கிடந்து செத்த பிறகுதான் தெரிந்தது. சாகவே சாகாது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணிக் கொடுத்த டேம்சல் உண்மையிலேயே சாகவில்லை. கூட இருந்த எல்லாவற்றையும் சாகடித்தது. முதலில் உள்ளே விட்டது அந்த ரவுடியைத்தான் இல்லையா, தொட்டி முழுவதும் தன் சொத்து என்று நினைத்துக்கொண்டது. பின்னால் வந்த மீன்களின் வாலைப் பிய்த்து எடுத்துவிட்டது. அதைப் பிடிப்பதற்காக நீ கல்லையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டு, தோள்வரை நனைந்து, "அப்பா, இது மீனில்ல, இது எங்கயோ கட்சி நடத்த வேண்டியது" என்று சொன்னாய். நான் சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர் பயந்துவிட்டார்.

கடைசியில் நமக்கு ஒரு தொட்டி நிலைத்தது. மூன்றடித் தொட்டி. தண்ணீர் பக்குவப்படட்டும் என்று ஒரு மாதம் வெறும் தண்ணீரும் கல்லும் மணலுமாக ஓடவிட்டாய். ஊரே கேலி பண்ணியது, தண்ணியவா விக்கிறீங்க என்று. பிறகு மணலைத் தோண்டிக்கொண்டே இருக்கும் ஒரு கோபி. அதன்பின் கூச்ச சுபாவமுள்ள ஒரு ஃபயர் ஃபிஷ், அது துள்ளி வெளியே விழுந்துவிடும் என்று மேலே வலை. அதற்கும் பிறகு, தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த இரண்டு கோமாளி மீன்கள். அவ்வளவுதான். பயந்தது முதலில், வம்புக்காரன் கடைசியில் என்று நீ வரிசை வைத்தாய். நாலு மீனுக்கு மேல் ஒன்றுகூடப் போடவிடமாட்டேன் என்று மல்லுக்கு நின்றாய். அந்த நாலும் நான்கு வருடமாக இருக்கின்றன. இன்று காலையிலும் நான்தான் தீனி போட்டேன். அந்தத் தொட்டியோடு நான் நின்றிருக்க வேண்டும், மகனே. அதில் போதும் என்று நான் நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

கொழும்பிலிருந்து வந்த அந்தப் பைகளைப் பற்றிச் சொல்கிறேன். எட்டுப் பை வந்தது. உள்ளே மீன் எல்லாம் வாலை மேலே தூக்கிக்கொண்டு, கீழே போக முண்டியடித்து, முடியாமல் திரும்பத் திரும்ப மேலே வந்து மிதந்தன. நான் என்ன சுறுசுறுப்பு என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு நாளில் எட்டும் போய்விட்டன. நீதான் ஒவ்வொருவராகப் போன் போட்டு விசாரித்து, ஆழத்திலிருந்து அவசரமாக மேலே இழுத்து வந்தால் மீன் வயிற்றுக்குள் இருக்கும் காற்று வீங்கிவிடுகிறது, அதுதான் மிதக்கிறது, உள்ளே எல்லாம் நசுங்கிப் போயிருக்கும் என்று கண்டுபிடித்தாய். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில், மிதக்கிற மீனை வாங்காதே என்று எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினாய். மீன் மூச்சு வாங்குகிறதா பார், கடையிலேயே தின்கிறதா பார், வயிறு ஒட்டியிருக்கிறதா பார், எல்லாவற்றுக்கும் முதலில் மட்டமாக நீந்துகிறதா பார் என்று வருகிற போகிறவர்களுக்கெல்லாம் நான் பெருமையாக ஒப்பித்தேன்.

ஒப்பித்துவிட்டு என்ன செய்தேன் தெரியுமா? தெரியும் உனக்கு. ஆனாலும் என் கையால் எழுதுகிறேன். சின்னத் தொட்டியில் மூன்று வாரம் தாங்காது என்று தெரிந்த மீனையும் விற்றேன். நாலு மீன் போதும் ஐயா என்று சொன்னால் ஆட்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். பெரிதாக, பளபளப்பாக, வீட்டுக்கு வருகிறவன் வாயைப் பிளக்கிற மாதிரிக் கேட்கிறார்கள். "பாத்துக்கிட்டா இருக்கும் மாத்தையா" என்று இளித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். அது சாகும், அவர்கள் திரும்ப வருவார்கள், நான் திரும்பக் கொடுப்பேன். கரைப் பக்கம் இருந்ததெல்லாம் பிடித்துத் தீர்ந்துவிட்டது, இனி ஆழத்தில்தான் என்று நமக்காகக் கடலில் முங்கி மீன் பிடிக்கும் சுதன் சொன்னபோதும், கிடைக்கிற இடத்தில் பிடியுங்கள் என்றுதானே சொன்னேன். ஆழம் என்றால் என்ன என்று இந்த மலையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும்?

நீ முங்கப் போகிறேன் என்றது காசுக்காக இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. "நானே போய் புடிச்சா மெதுவா மேல கொண்டாருவேன்பா, ஒரு மீனும் சாகாது" என்றாய். நம் ஊர் ஆற்றில், சுது கங்கையில் நீந்தத் தெரிந்ததை வைத்துக்கொண்டு திருகோணமலைப் பக்கம் போனாய். சுதனிடம் கற்றுக்கொண்டாய். மீன் கூடையைக் கயிற்றில் கட்டி, பாதி வழியில் தொங்கவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இன்னும் கொஞ்சம் ஏற்றி, நேரமெடுத்து மேலே கொண்டு வருவாய் என்று சொன்னாய். நீ அனுப்பிய பைகளில் ஒரு மீனும் மிதந்ததில்லை, உண்மை. ஆனால் கூடை பாதி வழியில் தொங்கும்போது நீ என்ன செய்தாய்? காற்றுச் சிலிண்டர் முடிந்தது என்று விறுவிறுவென்று மேலே வந்து, அடுத்ததை மாட்டிக்கொண்டு மறுபடி இறங்கினாய். ஒரு நாளைக்கு நாலு தடவை. மீனுக்குக் காட்டிய பொறுமையை உன் உடம்புக்குக் காட்டவில்லையேடா! நானும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. மீன் எப்படி வருகிறது என்று கேட்டேன், நீ எப்படி வருகிறாய் என்று கேட்கவில்லை.

சித்திரை வருசத்துக்கு வந்தாயே. வருசத்தன்று நீ வீட்டில் இல்லாவிட்டால் அடுப்பே பற்றவைக்க மாட்டேன் என்று உங்கம்மா பிடிவாதம் பிடித்தாள். நானும் பக்கத்தில் நின்று, "அம்மா அழுவுறாப்பா, எப்பிடியாச்சும் வந்துரு" என்றேன். நீ அன்றைக்குக் காலையும் கடலில் இறங்கிவிட்டு, ஏறின கையோடு தலைகூடத் துவட்டாமல் பஸ் பிடித்து வந்தாய். வந்து சேரும்போது இடது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாய். முதுகில் செவப்புச் செவப்பாகத் தடிப்பு, ஒரே அரிப்பு. உங்கம்மா பூரான் ஊர்ந்திருக்கும் என்றாள். நான் பெரிய வைத்தியன் மாதிரி அழுத்திப் பார்த்துவிட்டு, சிலிண்டர் தூக்கித் தூக்கிச் சுளுக்கியிருக்கிறது என்றேன். நாட்டு வைத்தியம் பார்க்கும் வெத மாத்தையாவிடம் எண்ணெய் வாங்கி வந்து, சூடாக்கி, மூன்று நாள் என் கையால் நீவி விட்டேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "உள்ளுக்குள்ள வலிக்குதுப்பா, மூட்டுல" என்றாய். "வயசுப் பையனுக்கு என்னடா வலி, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றேன். நாலாம் நாள் கொஞ்சம் லேசாக இருக்கிறது என்றதும், என் எண்ணெய்க்குக் கேட்டுவிட்டது என்று மீசையை முறுக்கினேன். அந்தப் பெருமையோடுதான் புது வீட்டு மாத்தையா கேட்ட ஏஞ்சல் மீனைப் பற்றிச் சொன்னேன். நீ போனாய்.

நீ போன பிறகு, போன கிழமை சுதன் வந்தான். மீன் வேனில் ஏறி, தடியை ஊன்றிக்கொண்டு வந்தான். கடைசியாக நான் பார்த்தபோது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தவன். இப்போது இடது காலை இழுக்கிறான். வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"ஐயா, தம்பிக்குத் தோள் நொந்ததெண்டு கேள்விப்பட்டன்."

"ஆமாப்பா, சுளுக்கு. எண்ண தேச்சு விட்டேன், சரியாயிருச்சு."

"தசையிலயோ, உள்ளுக்க மூட்டிலயோ?"

"மூட்டுலன்னான். முதுகெல்லாம் தடிச்சிருந்துச்சு."

அவன் தடியை அப்படியே கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். "அது சுளுக்கு இல்லை ஐயா. ஆழத்தில இருந்து கெதியா ஏறினா ரத்தத்துக்குள்ள காத்துக் குமிழி வரும். எனக்கும் முதல் தரம் தோள்தான். நானும் எண்ணெய் பூசினன். ரெண்டாந்தரமும் தோள். மூண்டாந்தரம் படகில ஏறி இருந்தன், இடுப்புக்குக் கீழ ஒண்டும் தெரியேல்லை."

பிறகு அவன் என்னைக் கேட்டான், வருசத்துக்கு நீ எப்போது வந்தாய் என்று. முங்கின அன்றே வந்தான், நாங்கள்தான் கூப்பிட்டோம் என்றேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஐயோ ஐயா, அண்டைக்கு அவர் கரையில கிடந்திருக்கோணும். முங்கின கையோட மலை ஏறக்கூடாது. மேல போகப் போகக் காத்து லேசாகும், உடம்புக்குள்ள இருக்கிற குமிழி இன்னும் பெருக்கும்."

நான் சுவரைப் பார்த்தேன். நீ ஒட்டிய அட்டை அங்கேதான் இருக்கிறது. ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தது உள்ளே வீங்கும் என்று எனக்குத் தெரியும். மீன் விஷயத்தில் தெரியும். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறேன்! பெற்ற பிள்ளை கண்ணுக்கு முன்னால் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தெரியவில்லை. மீனாக இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். மகனாக இருந்ததால் எண்ணெய் தேய்த்துத் திரும்பவும் கடலுக்கு அனுப்பினேன். உங்கம்மா வருசத்துக்குச் செய்த பலகாரத்தை நினைத்து நினைத்து அழுகிறாள். நான் கூப்பிடாம இருந்திருந்தா புள்ள கரையில படுத்திருப்பானே என்று கேட்கிறாள்.

அப்போதே உனக்குப் போன் போட்டேன். நல்லபடியாகச் சொல்லத் தெரியாமல் எடுத்த எடுப்பிலேயே மடையா என்றுவிட்டேன். நீ, "சுதன் அண்ணனுக்கு ஆனது வேறப்பா. அவரு ஆறு சிலிண்டர் முங்குவாரு. எனக்கு ஒண்ணுமில்ல, ஏஞ்சல புடிச்சிட்டு வந்துர்றேன்" என்றாய். நான் கத்தினேன். நீ, "இப்ப என்னப்பா கத்துறீங்க, அனுப்புனது நீங்கதானே" என்று சொல்லி வைத்துவிட்டாய். அது பொய்யில்லை. அதற்குத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். அனுப்பியவன் நான், இப்போது வேண்டாம் என்கிறவனும் நான். கோபத்தை நீ எத்தனை நாளும் வைத்துக்கொள். என் முகத்தில் விழிக்காதே, பேசாதே, கடையைப் பூட்டிவிட்டுப் போ என்று என்னிடமே சொல். தண்ணீருக்குள் மட்டும் இறங்காதே.

கடையைப் பற்றி நீ யோசிக்க வேண்டாம். இனிமேல் நம் கடைக்கு வருகிறவனிடம் முதலில் தொட்டியின் அளவைக் கேட்பேன். மூன்றடி என்றால் நாலு மீன். தொட்டியில் பொரித்து வளர்த்தது, அல்லது எப்போதாவது கிடைத்தால், கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் கைவலையால் பிடித்தது. வளர்ப்பு மீனில் சோடிக் கோமாளி, மணல் தோண்டும் கோபி, கல்லுக்குள் ஒளிந்திருந்து எட்டிப் பார்க்கும் பிளென்னி, இப்படி ஒன்றோடொன்று முட்டாமல் ஆளுக்கொரு மூலையில் பிழைக்கிற சாதுக்கள் போதும். அழகு போதாது என்றால் வேறு கடைக்குப் போகட்டும். ஆழத்து மீன் கேட்டால் இல்லை என்பேன். பெரிய வியாபாரம் நடக்காதுதான். கப்பி விற்றும் நாம் சாப்பிட்டிருக்கிறோம், மறந்துவிட்டாயா?

சுதன் இன்னொன்றையும் திரும்பத் திரும்பச் சொன்னான். கை மரத்துப் போனாலோ, காலில் ஊசி குத்துவது போலிருந்தாலோ, தலை சுற்றினாலோ, ஒன்றுக்குப் போகக் கஷ்டமாக இருந்தாலோ, படுத்தால் சரியாகும் என்று படுக்கக்கூடாதாம். அங்கேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வாசலிலேயே, நான் முங்குகிறவன் என்று சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் அவர்களும் வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். வலி இல்லாவிட்டாலும் உன் தோளை ஒரு டொக்டர் பார்த்தே ஆகவேண்டும். வாடியிலிருக்கும் பிள்ளைகளே, இதை வாசிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் சேர்த்துத்தான். உங்களில் எவனாவது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றால் தயவுசெய்து எண்ணெய் பூசாதீர்கள்.

இதை எழுதி மீன் வேன்காரரிடம் கொடுத்தனுப்பத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில், உடனே வீட்டுக்கு வந்துவிடு என்று எழுதப் போனேன். இரண்டு சொல் எழுதிவிட்டேன். பிறகு வெட்டினேன், பார், மேலே கிறுக்கியிருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும். வாயாடுவாய், ஆனால் அப்பா இப்படிக் கெஞ்சுகிறாரே என்று மனசு இளகி, ஈரத் துணியோடு அந்த நிமிடமே பஸ் ஏறிவிடுவாய். இன்று காலையில் நீ முங்கியிருந்தால்? அந்த பஸ் தம்புள்ளையைத் தாண்டி ஏற ஏற உனக்குள் என்ன ஆகும்? வீட்டுக்கு வா என்று பெற்ற பிள்ளையைக் கூப்பிடக்கூட வழியில்லாமல் பண்ணிக்கொண்டேன்.

அதனால் நீ வராதே. உங்கம்மாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் இரண்டு சேலையை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டோம். வேன் வந்து நிற்கிறது, அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கப்போவது நான்தான். டொக்டரைப் பார்க்கும்வரை, அவர் போகலாம் என்று சொல்லும்வரை, எத்தனை நாளானாலும் மூன்று பேரும் அங்கேயே கிடப்போம். நீ கரையை விட்டு ஒரு அடி கீழேயும் போகாதே, மேலேயும் ஏறாதே. அப்படியே இரு, மகனே. நாங்கள் இறங்கி வருகிறோம்.

அப்பா